ஒன்லியும் ஓல்சோவும்

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறிச் செல்லும் மலைச்சாலை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளமுடையது. வளைவுக்கு வளைவு குளிர் மிகும். தேயிலைச் சரிவுகள் பின்தங்க, காடு முன்னே வரும். உச்சியை அணுகும்போது, சிகரத்தின் மீதுள்ள தொலைத்தொடர்புக் கோபுரம் ஒரு கணம் தோன்றி மறுகணம் மூடுபனியுள் மறையும். நக்கிள்ஸ் என்று ஆங்கிலேயரும் தும்பறை என்று சிங்கள மக்களும் பெயரிட்டழைத்த மலைத்தொடரின் ஒரு பகுதி இது. 2010ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக ஏற்றபோது இம்மலைத்தொடரும் அதனுள் அடங்கிற்று.

இச்சாலையிலே, மூடுபனி இறங்கிய ஒரு பிற்பகலில், இங்கிலாந்திலிருந்து வந்த பயணியொருவர் வழி தெரியாது நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். எதிரே ஒரு தேநீர்க்கடை. கடைக்காரரை அணுகி, ரிவர்ஸ்டனுக்குச் செல்லும் வழி இதுவா என்று ஆங்கிலத்திலே வினவுகிறார். கடைக்காரர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்திலே அன்போடு விடையளிக்கிறார்: "திஸ் ரோட் ஒன்லி, சேர்."

கடைக்காரர் கருதியது, "இந்த வழிதான், ஐயா" என்பது. பயணி விளங்கிக்கொண்டதோ, "இந்த ஒரு வழி மாத்திரமே உண்டு, வேறு வழி கிடையாது" என்பது. ரிவர்ஸ்டனுக்கு அப்பால் அச்சாலை பிட்டவல பத்தனை, இலுக்கும்புர ஆகிய இடங்களைக் கடந்து பல்லேகம வரை இறங்கிச் செல்கின்றது என்பதையோ, அப்பக்கத்திலிருந்தும் ரிவர்ஸ்டனுக்கு ஏறி வரலாம் என்பதையோ அவர் அறியார். வந்த வழியே திரும்பவேண்டும் போலும், பொழுதும் சாய்கின்றதே என்று எண்ணி, சேர எல்ல அருவியைக் காணாமலே மாத்தளைக்கு மீளுகிறார். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பயணியும் தவறாகக் கேட்கவில்லை. இருவருக்குமிடையே நின்று இருவேறு பொருள் தந்தது 'ஒன்லி' என்னும் ஒரு சிறு சொல்லாகும்.

ஆங்கிலத்திலே மிகுதியாக வழங்கும் வினையடைகளுள் இது ஒன்று. இதன் பிறப்பு எளியது. 'ஒன்று' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லோடு 'போன்ற' எனப் பொருள்படும் விகுதி சேர்ந்து உண்டானது இச்சொல். ஒன்றைப் போன்றது, ஒன்றாய் நிற்பது என்பதே இதன் மூலப்பொருள். தமிழிலே 'ஒரே' என்னும் சொல்லும் 'ஒரு' என்பதோடு ஏகாரம் சேர்ந்து பிறந்தது. 'ஒரே மகள்' என்று தமிழர் சொல்லுமிடத்திலே ஆங்கிலேயர் 'ஒன்லி' என்பதையே பெயரடையாகப் பயன்படுத்துவர். இரு மொழிகளும் 'ஒன்று' என்னும் எண்ணிலிருந்தே இக்கருத்தைப் பெற்றன. ஆயினும் அதன் பின்னர் அவை நடந்த பாதைகள் வேறு.

ஆங்கிலத்திலே இச்சொல்லின் முதற் பணி விலக்குதலாகும். ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை விலக்குவது அது. வங்கிக் காசோலையிலே தொகையை எழுத்தால் எழுதி முடித்ததும் 'ஒன்லி' என்று எழுதுவர். தமிழிலே எழுதுவோர் 'ரூபா ஐயாயிரம் மாத்திரம்' என்பர். ஐயாயிரம் என்பதோடு நிறுத்தாது 'மாத்திரம்' என்று எழுதுவது, அதன்பின் வேறெவரும் ஒரு சொல்லைச் சேர்த்துத் தொகையை உயர்த்திவிடாதிருக்கும் பொருட்டு. விலக்குதல் என்னும் பணியை இச்சொல் எவ்வளவு கண்டிப்பாகச் செய்கின்றது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது பணி குறைத்துக் காட்டுதல். ஒருவரைச் சிறு பிள்ளை என்றும், ஒரு காயத்தைச் சிறு கீறல் என்றும் சொல்லி அமைதிப்படுத்தும்போது, "பயப்படாதீர்கள், வெறும் கீறல்தான்" என்னும் பொருளிலே ஆங்கிலேயர் இதனைச் சேர்ப்பர். மூன்றாவது, காலத்தைக் குறித்தல். "நேற்றுத்தான் வந்தார்", "இப்போதுதான் சென்றார்", "மழை நின்ற பிறகுதான் புறப்பட்டனர்" என்று தமிழர் சொல்லுமிடங்களிலெல்லாம் ஆங்கிலத்திலே 'ஒன்லி' பொருத்தமாக அமையும். நான்காவது, ஏக்கத்தைத் தெரிவித்தல். 'இஃப்' என்னும் நிபந்தனைச் சொல்லோடு சேர்ந்து வரும்போது, "மழை மட்டும் நின்றிருந்தால்!" என்னும் பெருமூச்சாக அது மாறிவிடும். இன்னும், "வர விருப்பமே, ஆனால் மழை பெய்கிறது" என்பதிலுள்ள 'ஆனால்' என்னும் இணைப்புச் சொல்லின் இடத்திலும் பேச்சு வழக்கிலே அது நிற்பதுண்டு. விந்தை என்னவென்றால், 'டூ' என்பதோடு கூடி, 'மிகவும்' என்னும் பொருளையும் அது தரும். குறைப்பதற்கென்று பிறந்த சொல் அவ்விடத்திலே மிகுப்பதற்குப் பயன்படுகின்றது.

இத்தனை பணிகள் இருந்தும், கடைக்காரர் அதற்குக் கொடுத்த பணி இவற்றுள் ஒன்றன்று. "இந்த வழிதான்" என்பதிலே விலக்குதலும் இல்லை, குறைத்தலும் இல்லை. அங்கே உள்ளது உறுதிப்படுத்தல். அப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை அறிய ஆங்கில அகராதியைப் புரட்டுவதிலும் தமிழ் இலக்கணத்தைப் புரட்டுவதே தக்கது.

ஏகார இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் ஐந்து பொருள்களைக் கூறினார். நன்னூலார் ஆறு என்றார். அவற்றுள் இரண்டு இங்கே வேண்டுவன. ஒன்று பிரிநிலை, மற்றொன்று தேற்றம். "மூவருள் இவளே பாடினாள்" என்னும்போது, ஏகாரம் அவளை மற்றை இருவரிலிருந்து பிரித்து நிறுத்துகின்றது. இது பிரிநிலை. "நேற்று மழை பெய்ததே" என்று ஐயத்துக்கு இடமின்றி ஒருவர் சொல்லும்போது, ஏகாரம் எதனையும் பிரிக்கவில்லை. சொன்னதைத் துணிந்து நிலைநிறுத்துகின்றது. இது தேற்றம். இக்காலப் பேச்சு வழக்கிலே ஏகாரத்தின் இவ்விரு பணிகளையும் 'தான்' என்னும் சொல் பெரிதும் தாங்கி நிற்கின்றது. "அவர்தான் தலைவர்" என்பதை, வேறெவருமல்லர் என்றும் கொள்ளலாம். ஐயம் வேண்டாம், அவரே என்றும் கொள்ளலாம்.

ஆங்கில 'ஒன்லி' பிரிநிலையை மாத்திரமே அறியும்; தேற்றத்தை அறியாது. ஆனால் தமிழர் ஆங்கிலம் பயிலும்போது, 'தான்' என்பதற்கு நிகரான சொல் யாதெனத் தேடுகின்றனர். "நேற்றுத்தான்" என்பதிலே 'ஒன்லி' பொருந்துவதைக் காண்கின்றனர். ஆகவே 'தான்' வருமிடமெங்கும் அது பொருந்தும் எனத் துணிகின்றனர். "ஊர் மாத்தளைதான்", "வீட்டில்தான் இருக்கிறார்", "அவர் அப்படித்தான்" என்பனவெல்லாம் இவ்வாறு 'ஒன்லி' பெற்ற ஆங்கில வாக்கியங்களாகின்றன. இந்தி பேசுவோரும் தம் மொழியிலுள்ள 'ஹீ' என்னும் இடைச்சொல்லின் வழியே இதனையே செய்கின்றனர். தென்னாசிய ஆங்கிலத்தை ஆராய்ந்த மொழியியலாளர் இவ்வழக்கை அப்பகுதி ஆங்கிலத்தின் தனி இயல்புகளுள் ஒன்றாகக் குறித்துள்ளனர். எனவே கடைக்காரரின் விடையை வெறும் பிழையென்று தள்ளுவது முறையாகாது. அது தொல்காப்பியர் வகுத்த தேற்றப் பொருளை ஆங்கிலச் சொல்லிலே ஏற்றிச் சொன்ன விடையாகும். ஆயினும், அவ்வழக்கை அறியாத ஒருவரிடம் பேசும்போது அது வழி தவறச் செய்யும் என்பதும் மெய்யே.

தேநீர்க்கடையிலே நின்றவர் சிங்களம் பேசுபவராக இருந்திருப்பினும் இதுவே நிகழ்ந்திருக்கும். சிங்களப் பேச்சு மொழியிலே 'தமயி' என்பது தேற்றத்துக்குரிய சொல். 'விதரயி' என்பது பிரிநிலைக்குரிய சொல். தமிழிலே 'தான்' என்பதும் 'மட்டும்' அல்லது 'மாத்திரம்' என்பதும் போல, அங்கேயும் இரண்டு சொற்கள். ஆங்கிலத்திலோ ஒன்றே. இரத்தோட்டைச் சந்தையிலே அருகருகே கடை விரித்திருக்கும் தமிழ் வணிகரும் சிங்கள வணிகரும் ஆங்கிலம் பேசப் புகுந்தால் இருவரும் ஒரே இடத்திலே ஒரே வகையாகத்தான் இடறுவர். மொழிக் குடும்பத்தால் வேறுபட்ட இவ்விரு மொழிகளும், நெடுங்காலம் அயல் வாழ்ந்தமையால், சிந்தனைப் போக்கிலே நெருங்கியவை என்பதற்கு இஃது ஓர் அடையாளம்.

சொல் நிற்கும் இடமும் கருதத்தக்கது. தமிழிலே 'மட்டும்' என்பது தான் கட்டுப்படுத்தும் சொல்லின் பின்னே ஒட்டி நிற்கும். "வழிகாட்டி மட்டும் நேற்று அருவியைப் பார்த்தார்" என்றால் பார்த்தவர் வேறெவருமில்லை. "வழிகாட்டி நேற்று மட்டும் அருவியைப் பார்த்தார்" என்றால் மற்றை நாட்களிற் பார்க்கவில்லை. "வழிகாட்டி நேற்று அருவியை மட்டும் பார்த்தார்" என்றால் புல்வெளியைப் பார்க்கவில்லை. ஐயத்துக்கு இடமே இல்லை. ஆங்கிலத்திலோ, இச்சொல் பெரும்பாலும் வினைச்சொல்லின் முன்னே வந்து அமர்ந்துகொள்ளும். எதனைக் கட்டுப்படுத்துகின்றது என்பதைப் பேசுவோரின் குரல் அழுத்தமே காட்டும். இதனைப் பொறாத இலக்கணக்காரர் சிலர், கட்டுப்படும் சொல்லின் அருகிலேயே அதனை வைத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினர். 1926ஆம் ஆண்டிலே ஆங்கில வழக்குக்கு அகராதி வெளியிட்ட ஃபௌலர் என்னும் அறிஞர், பொருள் மயங்காதவிடத்து இயல்பான இடத்திலே அது நிற்கலாம் என்று அவர்களை மறுத்தார். பேச்சுக்கு அவர் கூற்று பொருந்தும். எழுத்துக்கோ குரல் இல்லை.

குரலில்லாத அறிவிப்புப் பலகையிலேதான் இவ்வேறுபாடு உண்மையாகவே பயன்படுவது. பிட்டவல பத்தனைப் புல்வெளியை எடுத்துக்கொள்ளலாம். அங்கே பாறையின்மேல் மெல்லிய மண்படை, அதன்மேற் புல். காலடிகள் கண்டபடி பதிந்தால் அம்மண் நீங்கிப் பாறை வெளிப்படும். மீண்டும் புல் படிவது எளிதன்று. இத்தகைய இடத்திலே, நடைபாதையில் மாத்திரம் நடக்கவும் என்னும் பொருளிலே ஆங்கிலப் பலகையொன்று 'ஒன்லி' என்று எழுதி நிற்குமாயின், அது பிரிநிலை. பாதையல்லாத இடமெல்லாம் விலக்கப்பட்டது என்பது அதன் கட்டளை. அதனைத் தேற்றமாகக் கொண்டு, "பாதை இதுதான்" என்று அறிவிக்கிறார்கள் எனக் கருதுபவர், பாதையிலும் நடப்பார்; புல்லிலும் நடப்பார். ஒரு சொல்லின் பொருளை மாற்றிக் கொண்டதன் விலையை அந்தப் புல்வெளி கொடுக்கவேண்டி நேரும்.

'ஒன்லி' என்பதற்கு எதிர்ப்புறத்திலே நிற்கும் வினையடை 'ஓல்சோ'. முன்னது விலக்கும், பின்னது சேர்க்கும். 'முற்றும் அவ்வாறே' என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலத் தொடர் சுருங்கியதே 'ஓல்சோ'. இதற்கு நிகராகத் தமிழர் கொள்வது உம்மையை. சிங்களப் பேச்சிலே 'மம' என்றால் நான். 'மமத்' என்றால் நானும். அங்கும் ஒரு சிறு விகுதியே இப்பணியைச் செய்கின்றது. ஆனால் உம்மைக்கு எட்டுப் பொருள்களை இலக்கண நூலார் வகுத்துள்ளனர். அவையனைத்தையும் 'ஓல்சோ' தாங்காது. "ஒரு சதமும் கொடுக்கவில்லை" என்பதிலுள்ள உம்மை இழிவுசிறப்பு. அதற்கு ஆங்கிலத்திலே 'ஈவன்' என்பதே தக்கது. 'ஓல்சோ' என்றால் ஆங்கிலேயருக்குப் பொருள் விளங்காது. "மூவரும் வந்தனர்" என்பது முற்றும்மை. அதற்கு 'ஓல்' என்பது போதும். "அண்ணனும் தம்பியும்" என்பது எண்ணும்மை. அதற்கு 'ஆண்ட்' வேண்டும். "அண்ணன் வந்தார், தம்பியும் வந்தார்" என்பதே எச்சவும்மை. முன்னே ஒருவர் வந்ததைத் தழுவிக்கொண்டு பின்னவரைச் சேர்க்கும் அவ்வும்மைதான் 'ஓல்சோ'.

எண்ணும்மைக்கும் எச்சவும்மைக்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. "அண்ணனும் தம்பியும் வந்தனர்" என்பதிலே இருவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். "தம்பியும் வந்தார்" என்பதிலே, தம்பி வந்தது உண்மையே. எனினும் அவர் இன்னொருவரின் பின்னே நிற்கின்றார்.

இலக்கண வகுப்புக்குரியன போலத் தோன்றும் இவ்வேறுபாடுகள் இலங்கை மக்களின் வாழ்வைத் தொட்டவை. 1944ஆம் ஆண்டிலே அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜயவர்தன, சிங்களத்தை அரசகரும மொழியாக்க வேண்டுமென்னும் பிரேரணையைக் கொண்டுவந்தார். வி. நல்லையா, சிங்களம் என்பதன் பின் 'தமிழும்' என்பதைச் சேர்க்குமாறு திருத்தம் பிரேரித்தார். அத்திருத்தத்தோடு பிரேரணை நிறைவேறிற்று. சிங்களமும் தமிழும் என்பது எண்ணும்மை. இரண்டும் ஒரே வரிசை.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1956ஆம் ஆண்டுத் தேர்தலிலே நாடெங்கும் முழங்கிய சொற்றொடர் 'சிங்கள ஒன்லி' என்பது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் அவ்வாண்டிலேயே 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தை நிறைவேற்றியது. தமிழர் அதனைத் தனிச்சிங்களச் சட்டம் என்றனர். சட்டத்தின் பெயரிலே 'ஒன்லி' என்னும் சொல் இல்லை. சிங்களத்தை இலங்கையின் ஒரே அரசகரும மொழியாக விதிக்கும் சட்டம் என்பதே அதன் கருத்து. ஆங்கில வாசகத்திலே அங்கு நிற்பது 'வன்' என்னும் எண்ணுப்பெயர். 'ஒன்லி' பிறந்த வேரே அது. மக்கள் அச்சட்டத்துக்கு இட்ட பெயர், இலக்கணப்படியும் பிழையற்றதாயிற்று. அது தேற்றமன்று, பிரிநிலை. "சிங்களந்தான்" என்று தம் மொழிக்கு உரிய இடத்தை உறுதிப்படுத்த விரும்பியவர்களின் வேட்கையிலே, ஆங்கிலத்தின் மேலாட்சியை நீக்கவேண்டுமென்னும் நியாயமும் இருந்தது. ஆனால் சட்டம் "சிங்களம் மட்டும்" என்று எழுதப்பட்டபோது, அது ஆங்கிலத்தோடு தமிழையும் சேர்த்தே விலக்கிற்று. தேற்றத்தோடு நின்றிருக்கக்கூடிய ஒன்று பிரிநிலையாக நிலைத்தது.

1958ஆம் ஆண்டிலே தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, சிங்களமும் தமிழும் தேசிய மொழிகள் என்றது. ஆயினும் அரசகரும மொழி சிங்களம் என்பதை மாற்றவில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலே, தமிழும் அரசகரும மொழியொன்றாக வேண்டும் என்னும் வாசகம் இடம்பெற்றது. அதன் ஆங்கில வாசகத்திலே அப்பணியைச் செய்வது 'ஓல்சோ'. முப்பத்தோராண்டுகளின் பின் ஒரு வினையடையின் இடத்தை மற்றொரு வினையடை பெற்றது. அதுவும் எண்ணும்மையன்று, எச்சவும்மையே என்று குறை காண்போர் உண்டு. விலக்கும் சொல் போய்த் தழுவும் சொல் வந்ததே பெரிது என்போரும் உண்டு. இரு சாராரும் இலக்கணம் அறிந்தே பேசுகின்றனர்.

எனினும் சட்ட வாசகத்திலே ஏறிய உம்மை, அலுவலக மேசைக்கு இறங்கி வருதல் வேண்டும். அரசகரும மொழிகள் ஆணைக்குழு 1991ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்டது இதன்பொருட்டே. மலைத்தோட்டமொன்றிலே வாழும் தமிழ்த்தாய் ஒருத்தி, தன் பிள்ளையின் பிறப்பைப் பதியவோ, ஒரு முறைப்பாட்டை எழுதுவிக்கவோ நகருக்கு வருகின்றாள் எனக் கொள்ளலாம். அவளிடம் நீட்டப்படும் படிவம் ஒரு மொழியில் மட்டும் இருந்தால், அவளைப் பொறுத்தவரை 1956ஆம் ஆண்டு இன்னும் முடியவில்லை. படிவத்தின் மறுபக்கத்திலே தன் மொழியும் இருந்தால், அவள் பிறர் துணை நாடாது தானே வாசித்து, தானே கையொப்பமிடுவாள். எச்சவும்மையோ எண்ணும்மையோ அவள் அறியாள். தனக்கு எழுதித்தர இன்னொருவரைத் தேடி அலைய வேண்டுமா, வேண்டாமா என்பதை அறிவாள்.

ஒரு சொல்லைக் கற்பதென்பது அதன் நிகர்ச்சொல்லை மனனம் செய்வதோடு முடிவதன்று. அச்சொல் எதனைச் சேர்க்கின்றது, எதனை விலக்குகின்றது, யாரை உள்ளே விடுகின்றது, யாரை வெளியே நிறுத்துகின்றது என்று அறிதலே அதனைக் கற்றலாகும். ஆங்கிலம் பயிலும் மாணவர், 'தான்' என்று சொல்ல வாயெடுக்கும்போது, தாம் கருதுவது பிரிநிலையா தேற்றமா என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராயின், 'ஒன்லி' அவரை ஏமாற்றாது. பிரிநிலையாயின் அதனை இடலாம். தேற்றமாயின் 'யெஸ்' என்று தொடங்கி, 'திஸ் இஸ் த ரோட்' என்று சொல்லி நிறுத்தினாலே போதும். உறுதியைக் குரலே தந்துவிடும்.

ரிவர்ஸ்டன் சாலையிலே அடுத்த முறை மூடுபனி இறங்கும்போது, வேறொரு பயணி வந்து அத்தேநீர்க்கடையிலே வழி கேட்பார். "இந்த வழிதான், சேர், அந்தப் பக்கத்தாலும் இறங்கலாம்" என்பதற்குரிய ஆங்கிலத்தைக் கடைக்காரர் அறிந்திருப்பாராயின், பயணிக்கு ஒரு மலைமுகடும் கிடைக்கும், அதற்கு அப்பாலுள்ள புல்வெளியும் அருவியும் கிடைக்கும்.